மணலில் ஊறிய தண்ணீர்

அந்தக் கேபினை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எலுமிச்சை வாசனை. பழத்தின் வாசனை இல்லை, கக்கூஸ் கழுவும் திரவத்தின் வாசனை. கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. அதை அமுக்கத்தான் இதை இவ்வளவு கொட்டியிருக்கிறார்கள் என்று அப்போதே தோன்றியது. வந்த இடத்தில் முதல் வார்த்தையே குறையாக இருக்க வேண்டாம் என்று பெட்டியை உள்ளே வைத்தேன்.

நாங்கள் திருக்கோகர்ணத்தில் இருக்கிறோம். நான் கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எங்களுக்கு ஒரே பையன், ஒன்பது வயது. நாலு வயதில் ஒரு நாள் காலையில் கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கி எழுந்தான். சிறுநீரில் புரதம் போகிற நோய் என்றார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் போய்ப் போய்த் திரும்பி வரும் என்றார் திருச்சி டாக்டர். அப்படித்தான் வந்தது. சளி பிடித்தால் வரும், வயிற்றுப்போக்கு வந்தால் வரும். வந்தால் மறுபடி மாத்திரை. அந்த மாத்திரை கன்னத்தை உப்ப வைக்கும், அகோரமாகப் பசிக்க வைக்கும், காரணமில்லாமல் கோபப்பட வைக்கும். பள்ளியில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை அவன் வீட்டில் சொன்னதில்லை. வேறு ஒரு பையனின் அம்மா சொல்லித்தான் தெரியும்.

அதனால் எங்கள் வீட்டில் தினமும் விடிவது ஒரு கண்ணாடிக் குழாயோடுதான். அவன் சிறுநீரைக் குழாயில் பிடித்து, மருந்து நாலு சொட்டு விட்டுப் பார்ப்பேன். தெளிவாக நின்றால் நல்லது. மோர் மாதிரி வெளுத்தால் திருச்சி. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்போம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பாட்டில் எங்களோடு வரும். இப்படி ஓட்டித்தான் மார்கழிக் கடைசியில் டாக்டர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதிலும் பாதி என்று குறைத்தார். பங்குனி வரை எதுவும் வராமல் இருந்தால் அடியோடு நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தச் சந்தோஷத்தில்தான் போனோம். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். தங்கச்சி மகனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவரே போனில் தேடி, வெள்ளாற்றங்கரையில் ஒரு கேபினை சனி, ஞாயிறுக்குப் பிடித்துவிட்டார். அவரும் அவர் மனைவியும், நாங்கள் மூன்று பேரும். தை மாதம். மழை முடிந்து ஆற்றில் ஓரமாகக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் மணல்.

போனில் பார்த்த படத்தில் அது மரவீடு. நேரில் அது தகரப் பெட்டி. கப்பலில் சரக்கு வருமே, அந்தப் பெட்டி. உள்பக்கம் மர வரி போட்ட பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். மூலைகளில் அது உரிந்து, உள்ளே கரும்புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தது. தலையணை உறை சலவைக்குப் போய் வந்ததுதான். உறையைக் கழற்றிப் பார்த்தேன், தலையணையில் யார் யாருடைய தலை எண்ணெயோ வட்டம் வட்டமாகப் படிந்து மஞ்சளாகி இருந்தது. குளியலறையில் பாதி தேய்ந்த சோப்பில் ஒரு நீள முடி சுருண்டு ஒட்டியிருந்தது. ஏசி தண்ணீர் சொட்டுவதற்கு வெளியே வைத்திருந்த பெயின்ட் வாளியில் கொசுப்புழு நெளிந்தது. இப்படி ஐந்து பெட்டிகள், கரையோரமாக வரிசையாக, ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பிளாஸ்டிக் புல் விரிப்பு.

பையனுக்கு எல்லாமே பிடித்திருந்தது. குறிப்பாகக் கக்கூஸ். ஃப்ளஷ் டேங்கில் ஏதோ வில்லை போட்டிருந்தார்கள், அமுக்கினால் தண்ணீர் நீலமாக வந்தது. அவன் அமுக்குவதும் டேங்க் நிறையக் காத்திருப்பதும் மறுபடி அமுக்குவதுமாக இருந்தான். நான் சத்தம் போட்டுத்தான் வெளியே இழுத்து வந்தேன்.

மச்சான் நான் கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டில்களை எண்ணிச் சிரித்தார். "மாப்ளே, ஆத்தங்கரைக்கு வர்றவன் எவனாச்சும் தண்ணியத் தூக்கிட்டு வருவானா? காச்சிக் காச்சி இந்தத் தண்ணிக்கே உசுரு போயிருக்கும்."

மனைவி எனக்காகப் பேசவில்லை, சிரித்தாள். அவளும் அவள் அண்ணனும் இதே வெள்ளாற்றின் கரையில், இன்னும் கீழே ஒரு ஊரில் வளர்ந்தவர்கள். அங்கே ஆறு ஓடாத மாதங்களில் குடிக்கிற தண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் முகத்தைச் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன். கேன் தண்ணீரை அவள் இன்றுவரை நம்பியதில்லை. நானும் நம்பியதில்லை. ஆனால் ஆற்று ஊற்று என்றால் அது வேறு. எங்கள் பக்கத்தில் அதைக் காய்ச்ச வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சிரிப்பார்கள். மணல் செய்யாத சுத்தமா என்பார்கள். நானும் அப்படி நினைக்கிறவர்களில் ஒருவன்தான் என்பதை அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்துகொண்டேன்.

வெயில் தணிந்ததும் எல்லோரும் ஆற்றில் இறங்கினோம். எங்கள் கேபினுக்கு நேர் கீழே, ஓடுகிற தண்ணீரிலிருந்து சற்றுத் தள்ளி, ஈரம் தெரிகிற மணலாகப் பார்த்து மச்சான் உட்கார்ந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் மணலை வாரி வாரிப் பின்னால் தள்ளினார். பையன் எதிரில் உட்கார்ந்து அதே மாதிரி வாரினான். முழங்கை ஆழம் போனதும் பக்கவாட்டில் மணல் இடிந்து, அடியில் தண்ணீர் கசிந்தது. முதலில் சேறாக இருந்தது. அதை இறைத்து வெளியே விட்டார்கள். மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தார்கள். மனைவி முந்திரி மரத்தடியில் கிடந்த ஒரு கொட்டாங்கச்சியைக் கழுவி எடுத்து வந்தாள். மூன்றாவது ஊறல் ஊறியபோது அடியில் மணல் துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அப்படி ஒரு தெளிவு.

மச்சான் முதலில் குடித்தார். பிறகு அவர் மனைவி, பிறகு என் மனைவி. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பையன் என்னைப் பார்த்தான். கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அவனைப் பழக்கியிருக்கிறோம்.

"ஊத்துத் தண்ணிங்க," என்றாள் மனைவி. அவள் சொன்ன விதத்தில் அது போதும் என்று இருந்தது.

நான் குனிந்து கொட்டாங்கச்சியில் மொண்டு குடித்துப் பார்த்தேன். இனிப்பாக, சில்லென்று இருந்தது. தலையாட்டினேன். பையன் ஒன்றுக்கு மூன்றாகக் குடித்தான். அதன் பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த எவர்சில்வர் குடத்தில் நிறைத்துக் கேபினுக்கு எடுத்துப் போனோம். அன்றைய டீ அதில்தான், சோறு அதில்தான், இரவு குடித்ததும் அதுதான். நான் காய்ச்சிக் கொண்டுபோன பாட்டில்கள் மூடி திறக்காமல் மேஜையில் நின்றன. ஊற்றை மிதிக்காமல் இருக்க மச்சான் அதைச் சுற்றிக் குச்சி நட்டுவிட்டு வந்தார். அது ஆற்றில் செய்கிற மரியாதை என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்தபோது வாடை கூடியிருந்தது. எலுமிச்சை வாசனை அடங்கிவிட்டது, இது மட்டும் நின்றது. குளியலறையில் தண்ணீர் சரியாக இறங்கவில்லை, குமிழி விட்டுத் திரும்பி வந்தது. இது எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்று கேபினுக்குப் பின்னால் போனேன். ஐந்து கேபின்களிலிருந்தும் வந்த குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து, கரையின் சரிவில், தைல மரச் சருகுக்குள் போய் முடிந்தன. சருகைக் காலால் தள்ளினேன். கிணற்றுக்கு இறக்குகிற மாதிரி சிமெண்ட் உறை, மேலே ஒரு பலகை. பலகையின் இடுக்கு வழியாக அது பொங்கி வழிந்துகொண்டிருந்தது. என்ன வழிந்தது என்று எழுத என் கை கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் நான் சொல்வது யாருக்கும் புரியாது. மலம். காகிதம். குழந்தைகளைத் துடைக்கிற ஈரத்துணி. பெண்கள் பயன்படுத்திவிட்டு அமுக்கி விட்டது, ஊதிப்போய். அதற்கெல்லாம் மேலே ஒரு நுரை, நுரையில் நீலம்.

அந்த நீலத்தைத்தான் கண்ணால் தொடர்ந்து போனேன். சரிவில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடாக இறங்கியது. மணலில் கறுப்பு ஈரமாகப் பரவியது. பத்து எட்டு தள்ளி மச்சான் நட்ட குச்சிகள் நின்றன.

குச்சிகளுக்கு நடுவில் என் பையன் உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னாலேயே எழுந்து மாமாவோடு இறங்கிவிட்டிருக்கிறான். மச்சான் சற்றுத் தள்ளி நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பையன் கையில் கொட்டாங்கச்சி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்:

"அப்பா, நம்ம ஊத்துலயும் நீலம் வருது."

நான் ஓடியதும் கொட்டாங்கச்சியைத் தட்டிவிட்டதும் அவன் விழுந்ததும் எனக்குச் சரியாக வரிசையில் ஞாபகம் இல்லை. அவன் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துழாவினேன். குடிக்கவில்லை என்று அழுதான். இன்னைக்குக் குடிக்கலப்பா என்றான். இன்றைக்குக் குடிக்கவில்லை. நேற்று நாங்கள் எல்லோரும் வயிறு நிறையக் குடித்திருந்தோம். நேற்று நிறம் மட்டும்தான் வராமல் இருந்தது. அந்த உறைக்கு அடி கிடையாது. மணலில் நிறுத்தியிருக்கிறார்கள். மேலே பொங்குவதற்கு எத்தனையோ நாள் முன்பிருந்தே அது கீழே இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். நாங்கள் மூன்று தடவை இறைத்து, தெளிய விட்டு, கண்ணை மூடிக் குடித்தது அதைத்தான்.

மனைவி சரிவில் பாதி இறங்கி வந்து பார்த்தாள். அங்கேயே முந்திரி மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். எனக்கும் வர வேண்டும் என்று இருந்தது, வரவில்லை. நாக்கை உள்ளங்கையால் தேய்த்தேன். இனிப்பாக இருந்தது என்று நாக்குக்கு ஞாபகம் இருப்பதுதான் அருவருப்பாக இருந்தது.

உரிமையாளர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் புதிதாக இட்ட விபூதி. மிகவும் பணிவாகப் பேசினார். உறையைப் பார்த்துவிட்டு, பலகை நகர்ந்திருக்கிறது என்றார், ஏதோ பலகைதான் குற்றவாளி மாதிரி. வண்டி சொல்லி உறிஞ்சி எடுக்க வேண்டியது, பொங்கல் கூட்டத்தில் விட்டுப்போய்விட்டது என்றார். அடியில் காங்கிரீட் போடவில்லையா என்று கேட்டேன்.

"ஆத்து மணலுங்க சார். எதப் போட்டாலும் வடிகட்டிரும். அடி போட்டா ரொம்பிரும்ல?"

"ஒங்க வீட்டுக்கு எங்கேர்ந்து தண்ணி எடுக்குறீங்க?"

"ரோட்டுப் பக்கம் போர் இருக்குங்க," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. இங்கே யாரும் ஊற்றுத் தோண்ட மாட்டார்கள், வருகிறவர்களெல்லாம் பாட்டில் தண்ணீர்தான், நீங்கள் தோண்டுவீர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அதில் உண்மை இருந்தது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்தவர்கள் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். இந்த ஆற்றின் மணலை நம்புகிறவர்கள் நாங்கள்தான். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவரும் உறைக்கு அடி போடாமல் விட்டிருக்கிறார். மணல் வடிகட்டும் என்று அவருக்கும் சின்ன வயதில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். காலைச் சாப்பாடு தயாராக இருக்கிறது என்றார். மச்சான் போய் இட்லி சாப்பிட்டார். அதை நான் பார்த்தேன். கை கழுவிவிட்டு வந்து, சாம்பார் நன்றாக இருக்கிறது, பையனுக்காவது இரண்டு வாங்கிக் கொடுங்கள் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. என்ன செய்வது என்று தெரியாததால் சாப்பிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அவர் வாய் மெல்லுவதைப் பார்க்க முடியாமல் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உடுத்தியதையெல்லாம் கழற்றி வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினோம். குடத்தை மனைவி புளி போட்டுத் தேய்த்தாள். மறுநாளும் தேய்த்தாள். பிறகு பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கண்ணாடிக் குழாய் தெளிவாக நின்றது. செவ்வாய்க்கிழமையும். ஒன்றும் வராது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தோம். புதன்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. பையனுக்கு வகுப்பிலேயே பேதியாகிவிட்டது. நான் போனபோது அவன் உடற்பயிற்சி அறையில், யாருடையதோ பெரிய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனைத் தூக்கியபோது என் சட்டையெல்லாம் அந்த வாடை. அதே வாடை. அவனை முகர்ந்து அருவருப்படைந்தேன். என் பிள்ளையின் மேலேயே எனக்கு அது வந்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்தக் கேபின்காரரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. பேதி நின்றது. எனக்கும் மனைவிக்கும் லேசான வயிற்று வலியோடு போய்விட்டது. மச்சானுக்கும் அவர் மனைவிக்கும் அதுகூட இல்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் குழாயில் மருந்தை விட்டேன். மூன்றாவது சொட்டிலேயே வெளுத்தது. ஆட்டிப் பார்த்தேன். திரிதிரியாக, திரிந்த பால் மாதிரி அடியில் படிந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவி குழாயைப் பார்த்தாள். பையை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

திருச்சிக்குப் போகும் பஸ்ஸில், கீரனூர் தாண்டும்போது, மச்சான் போன் செய்தார். விவரம் சொன்னேன். "நாங்களும் அதைத்தான் குடிச்சோம் மாப்ளே, எங்களுக்கு ஒண்ணும் ஆகலயே," என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை. காரணம் அந்தத் தண்ணீராக இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டுச் சொன்னார். நான் போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, "அண்ணே, வைக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. கேட்டுக்கொண்டார், எழுதினார். முழு அளவு மாத்திரை, தினமும். பங்குனியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நடுவில் அந்தக் கேபினிலிருந்து மச்சானுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது, தங்கியது எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று. அவர் அதை எனக்கு அனுப்பி, என்ன போட என்று கேட்டார். நானே உட்கார்ந்து நடந்ததை எழுதி இணையத்தில் போட்டேன். மறுநாள் அதற்குக் கீழே உரிமையாளரின் பதில்: வருந்துகிறோம், விருந்தினர்கள் தாங்களாகவே ஆற்றில் தோண்டிய குழிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அதற்கும் கீழே, எங்களுக்கு அடுத்த வாரம் வந்து தங்கிய யாரோ ஒரு குடும்பத்தின் படம். அதே மணலில் ஒரு குழந்தை உட்கார்ந்து கையால் வாரிக்கொண்டிருந்தது. மாவட்ட அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பையனின் முகம் மறுபடி உருண்டுவிட்டது. சட்டைப் பொத்தானை வயிற்றில் போட முடியவில்லை. பசிக்கிறது என்று அழுகிறான், கொடுத்தால் கோபப்படுகிறான். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம், முன்பே பார்த்தது. பழகாதது ஒன்றுதான். மாத்திரை போட அவன் அம்மா தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறான். அவள் கண்ணெதிரே கொதிக்க வைத்து, ஆற்றி, வடிகட்டிக் கொடுத்தாலும் டம்ளரைத் தொடாமல் என்னைக் கூப்பிடுகிறான்.

"நீங்க மொதல்ல குடிங்க."

அன்றைக்கு ஆற்றிலும் நான்தான் அவனுக்கு முன்னால் குடித்தேன் என்பது அவனுக்கு மறந்திருக்காது. இருந்தாலும் வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. குடிக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையில் ஏதோ வந்து அடைக்கிறது, எங்கள் வீட்டு அடுப்பில் கொதித்த தண்ணீர் என்று தெரிந்தும் அடைக்கிறது. முகத்தில் அது தெரியாமல் விழுங்குகிறேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் டம்ளருக்குக் கை நீட்டுகிறான்.